விதி வழுவாதவன் எதற்காகப் புறப்படுகிறான்?

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டவகை ஒன்று உலகெங்கும் ஆடப்படுகிறது. அவ்வகையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்து வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் அதன் ஆசிரியர்கள். அவ்வாட்டத்தை ஆடுவோரிடையே ஐம்பது ஆண்டுகளாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. கள்வன் பொன்னைத் தேடிப் புறப்படுவான். பகை கொண்டவன் பழிதீர்க்கப் புறப்படுவான். ஊர் பிடிக்காதவன் ஊரைவிட்டுப் புறப்படுவான். சட்டத்தை மதிப்பவன், மேலோர் சொல்லைக் கேட்பவன், தன் கடமையை உள்ளூரிலேயே செய்து முடிக்கக்கூடியவன் எதற்காகப் புறப்பட வேண்டும்?

இவ்வழக்கின் வேர் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 1974ஆம் ஆண்டு விதிநூல் ஒவ்வொரு மாந்தரையும் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்னும் மூன்று சார்புகளுள் ஒன்றில் நிறுத்தியது. இப்பாகுபாடு போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் கற்பனைப் புதினங்களிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. 1975இல் வந்த துணைநூல் 'பலடின்' என்னும் அறவீரனை அறிமுகப்படுத்தியது. அவன் ஒழுங்கின் பக்கமே நிற்கவேண்டும். தவறினால் தன் சிறப்பாற்றல்களை இழப்பான். 1978இல் நன்மை–தீமை என்னும் இரண்டாம் அச்சும் சேர்ந்து சார்புகள் ஒன்பதாயின. ஆனால் அதே ஆட்டத்தில் மாந்தரின் வளர்ச்சியை அளக்கும் முதன்மைக் கணக்கு பொன்னாக இருந்தது. பாழடைந்த நிலவறையிலிருந்து கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசும் ஓர் அனுபவப் புள்ளி. ஒருபுறம் விதி வழுவாமையை உயர்ந்த பண்பாக வரையறுத்துவிட்டு, மறுபுறம் பிறர் புதைத்த பொன்னை எடுத்துவருவதையே வளர்ச்சியாகக் கணக்கிட்டால், அறவீரனுக்குப் புறப்படக் காரணம் கிடைக்காமல் போவதில் வியப்பில்லை. குறை அறவீரனிடம் இல்லை, கணக்கில் இருக்கிறது.

எனினும், விதியைப் பேணுவதும் வீட்டைவிட்டுப் புறப்படுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை என்னும் எண்ணம் ஆட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. பழைய இலக்கியங்களைப் படிக்கும்போதும் அது நம்மோடு வருகிறது. அடங்கி நடப்பவன் கதைக்கு உதவமாட்டான், மீறுபவனே கதையை நகர்த்துவான் என்பது இன்று வகுப்பறைகளிலும் எளிதாகச் சொல்லப்படும் கருத்து. இக்கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்குப் புணே நகரம் நல்ல இடம்.

1917ஆம் ஆண்டு சூலை 6 அன்று, ராமகிருஷ்ண கோபால் பண்டார்கரின் பெயரால் புணேயில் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் என்று வழங்கும் அதன் வெளியீடுகளுள் இரண்டு உலகப் புகழ் பெற்றவை. ஒன்று, பாண்டுரங்க வாமன் காணே எழுதிய 'தர்மசாஸ்திர வரலாறு'. 1930 முதல் 1962 வரை ஐந்து தொகுதிகளாக, ஆறாயிரம் பக்கங்களுக்கும் மேலாக வந்த அந்நூல் இந்தியச் சட்ட, ஒழுக்க மரபின் மாபெரும் தொகுப்பு. மற்றொன்று, மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பு. 1919இல் தொடங்கி, 1,259 சுவடிகளை ஒப்புநோக்கி, 1966இல் நிறைவுபெற்றது. ஒரே நிறுவனத்திலிருந்து ஒன்று விதிகளின் களஞ்சியமாகவும் மற்றொன்று பயணங்களின் களஞ்சியமாகவும் வெளிவந்தன. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு, முன்னதில் உள்ள விதிகளே பின்னதில் உள்ள பயணங்களைக் கிளப்பிவிடுவது கண்ணில் படும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஆதி பருவத்தில் உள்ள அருச்சுனன் வனவாசம்.

பாஞ்சாலியை ஐவரும் மணந்தபின் நாரதர் இந்திரப்பிரத்தத்துக்கு வருகிறார். ஒரு பெண்ணை முன்னிட்டு ஒருவரையொருவர் கொன்று மடிந்த சுந்தன், உபசுந்தன் என்னும் உடன்பிறந்தார் கதையைச் சொல்லி எச்சரிக்கிறார். அதன்பேரில் ஐவரும் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொள்கின்றனர்: பாஞ்சாலியோடு ஒருவர் தனித்திருக்கையில் மற்றொருவர் அங்கே நுழையலாகாது, நுழைந்தவர் பிரமசரியம் காத்து வனத்தில் வாழவேண்டும். பன்னிரண்டு ஆண்டு எனப் பரவலாக வழங்கும் தண்டனை அது. தெய்வம் விதித்த கட்டளையாக இல்லாமல், குடும்பம் உடையாதிருக்கும் பொருட்டு ஐவர் கூடி எழுதிக்கொண்ட ஒப்பந்தமாகவே இவ்விதி காட்டப்படுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

பிறகு ஒரு நாள், தன் பசுக்களைக் கள்வர் ஓட்டிச் செல்கின்றனர் என்று அந்தணன் ஒருவன் அரண்மனை வாயிலில் முறையிடுகிறான். படைக்கலங்கள் இருக்கும் அறையில் தருமனும் பாஞ்சாலியும் இருக்கின்றனர். அருச்சுனன் முன் இரண்டு விதிகள் நிற்கின்றன. அடைக்கலம் கேட்டவனைக் கைவிட்டால் அரசனுக்குப் பெரும்பழி. அறைக்குள் நுழைந்தால் உடன்பாட்டு மீறல். அவன் ஒரு விதியைக் காப்பதற்காக மற்றொன்றை மீறுகிறான். மீறலின் விலை தன்னை மட்டும் சாரும் என்பதையும், காவாமையின் பழி அரசு முழுவதையும் சாரும் என்பதையும் எண்ணிப் பார்த்தே உள்ளே போகிறான்.

பசுக்களை மீட்டு வந்தபின் நடப்பதுதான் இவ்வாய்வுக்கு முக்கியம். தருமன் அவனைத் தடுக்கிறான். மூத்தவன் இருக்குமிடத்தில் இளையவன் நுழைவது குற்றமாகாது. தன் மனத்தில் வருத்தமும் இல்லை. ஆகவே போகவேண்டா என்கிறான். குற்றத்தால் பாதிக்கப்பட்டதாகக் கருதப்படுபவனே, அதிலும் அறத்தின் உருவாகவே போற்றப்படுபவனே, சட்ட நுணுக்கம் காட்டி மன்னிப்பை நீட்டுகிறான். அருச்சுனன் ஏற்கவில்லை. அறத்தைச் சூழ்ச்சியால் கடைப்பிடிக்கலாகாது என்று தருமனிடமே கேட்டிருப்பதை நினைவூட்டிவிட்டு வனம் புறப்படுகிறான். அடங்கி நடப்பதுதான் விதி வழுவாமை என்றால் அவன் அண்ணன் சொல்லைக் கேட்டு வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும். ஆனால் விதியின் மீதுள்ள பற்று, விதியின் பேரால் அதிகாரம் தரும் சலுகையைக்கூட மறுக்கச் செய்கிறது. மன்னிப்பை ஏற்றிருந்தால் உலூபி இல்லை, சித்திராங்கதை இல்லை, சுபத்திரை இல்லை, எனவே அபிமன்யுவும் இல்லை, அவன் வழிவந்த பரீட்சித்தும் இல்லை. பாரதக் கதையைக் கேட்கும் சனமேசயனே பரீட்சித்தின் மகன். ஒரு சிறு வீட்டு விதியைப் பேணியதன் மேல்தான் காப்பியத்தின் கேட்போன் வரை எல்லாம் நிற்கின்றன.

பயணத்திலும் விதிகள் அவனை விடுவதில்லை. கங்கையில் நீராடும்போது நாககன்னி உலூபி அவனைத் தன் உலகுக்கு இழுத்துச் செல்கிறாள். பிரமசரியத்தைக் காட்டி அவன் தயங்குகையில் அவள் காதல்மொழி பேசி மயக்குவதோடு நிற்காமல், வழக்கறிஞரைப்போல் வாதிடுகிறாள்: அவ்விதி பாஞ்சாலியை முன்னிட்டு ஏற்பட்டது, அவளைக் குறித்த அளவிலேயே கட்டுப்படுத்தும்; துன்பத்தில் உயிர்விடப் போகிறவளைக் காப்பது வேறு அறம். இது விதியின் நோக்கத்தைக் கொண்டு விதியின் எல்லையை வரையறுக்கும் வாதம். மணலூர் அரசன் தன் மகள் சித்திராங்கதையைக் கொடுக்கும்போது, அவளுக்குப் பிறக்கும் மகன் தன் குலத்துக்கே உரியவன் என்று நிபந்தனை இடுகிறான். தருமசாத்திரங்கள் விரிவாகப் பேசும் 'புத்திரிகை' முறை அது. சுபத்திரையைக் கவர்ந்து செல்லும் நிகழ்ச்சியிலும், அதற்கு முன்பே தூதர் இந்திரப்பிரத்தம் சென்று தருமனின் இசைவைப் பெற்று வருகின்றனர். கடத்தலுக்கும் முன் அனுமதி பெறும் வீரன்! ஆட்டக்காரர்கள் நகைக்கக்கூடும், ஆனால் கதை அதனால் மெலிந்துவிடவில்லை.

தமிழ் மரபு இப்பயணத்தை எப்படி வாங்கிக்கொண்டது என்பது தனிக் கதை. வில்லிபுத்தூராரின் பாரதத்தில் இப்பகுதியின் பெயர் 'அருச்சுனன் தீர்த்த யாத்திரைச் சருக்கம்'. வடமொழியில் தண்டனையின் பெயரால் வழங்கிய பகுதி இங்கே புண்ணியத்தின் பெயரால் வழங்குகிறது. பெயர்மாற்றம் சிறிதாகத் தோன்றினும் பயணத்தின் காரணத்தையே அது மாற்றிவிடுகிறது: மீறலுக்குச் செலுத்தும் விலை பின்னுக்குப் போய், நீராடல் முன்னுக்கு வருகிறது. காணேயின் நான்காம் தொகுதி பாவம், பிராயச்சித்தம், தீர்த்தயாத்திரை ஆகியவற்றை ஒரே நூலுள் வைத்திருப்பதை எண்ணினால், இவ்விரண்டு பெயர்களும் ஒரே சாலையின் இரு முனைகள் என்பது விளங்கும். சித்திராங்கதையின் தந்தை வில்லியில் பாண்டியன் ஆகிறான். பயணம் தமிழ்நாட்டுக்கு வந்துவிடுகிறது. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை'யில் மதுரையை ஆள்பவள் அல்லி. அங்கே வரும் அருச்சுனன் விதியை எண்ணித் தயங்குபவன் அல்லன், வேடமும் மாயமும் கொண்டு அவளை வெல்ல முயல்பவன். காப்பியத்தில் சூழ்ச்சியை மறுத்துப் புறப்பட்டவன் அம்மானைப் பாடலில் சூழ்ச்சியையே கருவியாகக் கொள்கிறான். கூத்தும் நாடகமும் அல்லியைக் கொண்டாடியதில் பொருள் உண்டு. இங்கே தன் நாட்டையும் தன் நெறியையும் காப்பவள் அவளே.

தமிழ் இலக்கணம் இவ்வினாவை இன்னும் முறையாகக் கையாள்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் தலைவன் வீடும் கற்பும் ஒழுக்கமும் சூழ வாழ்பவன். காரணமின்றி அவன் வீட்டைவிட்டு நீங்கலாகாது. எனவே இலக்கணமே காரணங்களை வகுத்துத் தருகிறது: ஓதல், பகை, தூது, காவல், பொருளீட்டல். யார் எதற்காகப் பிரியலாம் என்றும் அது வரையறுக்கிறது. கால எல்லையும் குறிக்கிறது: கல்விக்கான பிரிவு மூன்றாண்டைக் கடவாது, வேந்தன் பொருட்டான பிரிவு ஓராண்டுக்குள் அடங்கும். புறப்படும் வேளையில் தலைவன் தயங்கி நிற்பதற்கும் இலக்கணம் உண்டு. அத்தயக்கம் போகாமை அன்று. தலைவியைத் தேற்றி ஆற்றுவிப்பதற்காகச் செலவைச் சற்றே தள்ளிவைப்பது என்று விளக்கம் தரப்படுகிறது. பாலைத்திணைப் பாடல்களின் வெம்மையும் கள்வர் பதுங்கும் வழிகளும் நீரற்ற சுரமும் இந்த வரையறைக்குள்தான் பிறக்கின்றன. சங்க இலக்கியத்தின் மிக ஆபத்தான பயணங்களை மேற்கொள்பவர்கள் ஊரைப் பகைத்து ஓடியவர்கள் அல்லர். பெரும்பாலும் கடமையின்பேரில் நாள்குறித்துச் சென்றவர்கள். காரணமும் கெடுவும் இருப்பதால்தான் கெடு கடந்தபின் கார்காலம் வந்தும் வராத தலைவனை எண்ணித் தலைவி துன்புறுவதற்குப் பொருள் உண்டாகிறது. விதி இல்லையேல் காத்திருப்பு இல்லை.

இதுவரை கண்டவை இலக்கியம். வரலாற்றில் விதி வழுவாதவனுக்கு இவ்வளவு நல்ல முடிவு வாய்ப்பதில்லை. அதற்கும் புணேயிலேயே சான்று உண்டு.

1773 ஆகஸ்டு 30 அன்று சனிவார் வாடா அரண்மனையில் இளம் பேசுவா நாராயணராவ், கார்திகள் எனப்பட்ட காவற்படையினரால் வெட்டிக் கொல்லப்பட்டார். பதவிக்கு வந்தவர் அவருடைய சிற்றப்பா ரகுநாதராவ். அக்கொலை குறித்து மராட்டியத்தில் வழங்கும் செய்தி மொழியியல் மாணவருக்குச் சுவையானது. பிடிக்கவேண்டும் என்னும் பொருள்பட 'தராவே' என்று ரகுநாதராவ் எழுதிய கட்டளையில், அவர் மனைவி ஆனந்திபாய் முதலெழுத்தை மாற்றி, கொல்லவேண்டும் என்னும் பொருள்பட 'மாராவே' என்று ஆக்கிவிட்டாராம். இது உறுதிப்பட்ட வரலாறு அன்று. ஆனால் 'த'வை 'மா' ஆக்குதல் என்பது மராட்டியில் இன்றும் மரபுத்தொடராக வழங்குகிறது. ஓர் எழுத்தில் சட்டம் கொலையாகிவிடக்கூடும் என்னும் அச்சம் அத்தொடரில் உறைந்திருக்கிறது.

பேசுவா ஆட்சியின் தலைமை நீதிபதியாக இருந்தவர் ராமசாஸ்திரி பிரபுணே. சாத்தாராவை அடுத்த மாகுலியைச் சேர்ந்தவர்; மாதவராவ் பேசுவா காலத்திலிருந்தே நேர்மைக்குப் பெயர்பெற்றவர். அவர் கொலையை விசாரித்தார். பதவியில் இருப்பவரே குற்றவாளி என்று கண்டார். பிராயச்சித்தம் என்னவென்று ரகுநாதராவ் கேட்டபோது, உயிரைக் கொடுப்பதன்றி வேறில்லை என்று அவர் விடையிறுத்ததாகக் கிராண்ட் டஃப் 1826இல் வெளியிட்ட மராட்டியர் வரலாறு கூறுகிறது. அதன்பின் அந்த ஆட்சியில் தாம் பணியாற்ற இயலாது என்று புணேயைவிட்டு நீங்கினார்.

அருச்சுனனையும் ராமசாஸ்திரியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். அருச்சுனன் தன் மீறலுக்குத் தானே தண்டனை ஏற்றுப் போகிறான். அவனை அனுப்பும் விதியே அவன் திரும்பும் நாளையும் குறித்துக் கொடுக்கிறது. ராமசாஸ்திரி எதையும் மீறவில்லை. விதியின் காவலனாக இருக்கவேண்டியவனே அதை மீறியதால் வெளியேறுகிறார். அவர் திரும்புவதற்கு நாள் குறிக்க எந்த நூலிலும் இடமில்லை. நானா பட்னவீசு உள்ளிட்டோர் கூடி அமைத்த 'பாரபாய்' குழு 1774இல் ஆட்சியைக் கைக்கொண்டபின்புதான் அவர் மீண்டும் நீதிபதி ஆனார். ரகுநாதராவோ பம்பாய் ஆங்கிலேயரிடம் சென்று, 1775 மார்ச்சில் சூரத்து உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். அதிலிருந்து எழுந்த முதல் ஆங்கிலேய–மராட்டியப் போர் 1782இல் சால்பாய் உடன்படிக்கையோடுதான் ஓய்ந்தது. ஆட்டக்காரர்களின் மொழியில் சொன்னால், அலைந்து திரிந்து சாகசம் புரிந்தவர் ரகுநாதராவ். ராமசாஸ்திரி செய்தது ஒரு தீர்ப்புச் சொல்லி ஊரைவிட்டுப் போனது மட்டுமே. ஆயினும் 1944இல் புணேயின் பிரபாத் பிலிம் கம்பெனி படமாக எடுத்தது ராமசாஸ்திரியின் கதையைத்தான்.

மூன்றாவதாக ஒரு சான்று, மேலே சொன்ன ஆய்வுப் பதிப்பை உருவாக்கியவர்களே. 1925இல் முதன்மைப் பதிப்பாசிரியரான விஷ்ணு சீதாராம் சுக்தங்கர் கேம்பிரிட்ஜில் கணிதமும் பெர்லினில் மொழிநூலும் கற்றவர். சுவடிகளின் சான்று எங்கே அழைத்துச் செல்கிறதோ அங்கேயே போகவேண்டும், சுவைக்காகவோ பக்திக்காகவோ சொந்த ஊகத்துக்காகவோ பாடத்தைத் திருத்தலாகாது என்னும் நெறியை அவர் கடைப்பிடித்தார். ஐயத்துக்குரிய இடங்கள் அச்சில் அலைக்கோடு இட்டுக் காட்டப்பட்டன. அந்நெறி அவர்களை மக்கள் மனத்தில் ஆழப் பதிந்த காட்சிகளோடு மோதவைத்தது. வியாசர் சொல்லப் பிள்ளையார் எழுதிய கதை மூலபாடத்திலிருந்து நீங்கிப் பிற்சேர்க்கைக்குப் போயிற்று. சுயம்வரத்தில் பாஞ்சாலி கர்ணனை மறுத்துப் பேசும் பேச்சும் நீங்கிற்று. ஃபிராங்க்ளின் எட்ஜர்டன் பதிப்பித்த சபா பருவத்தில், துகிலுரியும் வேளையில் கண்ணனை நோக்கிய வேண்டுதல் மூலத்தில் நிற்கவில்லை. எந்தக் கலகக்காரரும் பாரதத்தின்மேல் இவ்வளவு துணிந்து கைவைத்ததில்லை. துணிவு அவர்களுக்குக் கலக மனத்திலிருந்து வரவில்லை. தமக்குத் தாமே இட்டுக்கொண்ட விதியிலிருந்து வந்தது. சுக்தங்கர் 1943இல் மறைந்தார். பெல்வல்கரும் வைத்யாவும் தொடர்ந்து நடத்த, தொடங்கிய 47ஆம் ஆண்டில் பணி முடிந்தது.

இம்மூன்றையும் கொண்டு ஆட்டக்காரர்களின் வழக்குக்கு விடை கூறலாம். விதி வழுவாதவனிடம் பொன்னைக் காட்டிப் பயனில்லை. அவன் மதிக்கும் இரண்டு விதிகளை ஒரே வாயிலில் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். மீறலுக்கு விலை இருக்கவேண்டும். அதை மன்னிப்பால் தள்ளுபடி செய்ய ஒருவர் முன்வரவேண்டும். ஏற்பதா மறுப்பதா என்பதை அவனே முடிவு செய்யவேண்டும். பயணத்துக்குக் காரணமும் கெடுவும் இருக்கவேண்டும், தொல்காப்பியத் தலைவனுக்கு இருந்ததுபோல. இவை எதுவும் இயலாதபோது, விதியைக் காக்கவேண்டிய இடத்திலேயே அது முறிந்திருப்பதை அவனுக்குக் காட்டலாம். அங்கே அவன் வாளை எடுப்பானா, பதவியைத் துறந்து நடப்பானா என்பதை எந்தப் பகடையும் முன்கூட்டிச் சொல்லாது.

ஆய்வாளர்க்கு எஞ்சும் வினா வேறு. 'வனவாசம்' தமிழில் 'தீர்த்த யாத்திரை' ஆனபோது, தண்டனையை ஏற்றுச் செல்லும் அருச்சுனன் எந்த அளவுக்கு மறைந்தான், எந்த அளவுக்கு எஞ்சினான்? வில்லியின் சருக்கத்தையும் அல்லி கதையின் அச்சுப் பதிப்புகளையும் புணேப் பதிப்பின் அடிக்குறிப்புகளில் உள்ள தென்னிந்தியப் பாடங்களோடு சேர்த்துப் படிப்பவரே இதற்கு விடை காணமுடியும். கிரந்த, தெலுங்கு, மலையாள எழுத்துச் சுவடிகளின் பாடவேறுபாடுகள் அந்த அடிக்குறிப்புகளில் வரிவரியாகக் காத்திருக்கின்றன. மூலபாடத்தை மட்டும் படித்து நிறுத்துவோர் அவற்றைக் கடந்து போய்விடுகின்றனர்.